அமெரிக்க முற்போக்கு இயக்கங்களின் பணம் யார் கணக்கில் இருக்கிறது?

தொடக்கப் பதிவு, ஒரு வாசகர், 2025 பிப்ரவரி 2

அமெரிக்காவில் முற்போக்கு இயக்கங்கள் சாதாரண மக்கள் தரும் பத்து டாலரிலும் இருபது டாலரிலும் நடக்கின்றன என்று நம்மவர்கள் பலர் எழுதுகிறார்கள். உண்மையில் கோடீசுவரர்களின் பணம் ‘டோனர் அட்வைஸ்டு ஃபண்ட்’ (கொடையாளர் ஒரு தொண்டு அமைப்பில் திறக்கும் நன்கொடைக் கணக்கு) என்ற ஒரு குழாய்க்குள் நுழைந்து ‘ஃபிஸ்கல் ஸ்பான்சர்’ (பதிவு இல்லாத குழுக்களுக்காகப் பணத்தை வாங்கி வைத்திருக்கும் தொண்டு நிறுவனம்) என்ற இன்னொரு குழாய் வழியாக வெளியே வருகிறது. பெயரை மறைப்பதைத் தவிர இந்த இரண்டுக்கும் வேறு வேலை கிடையாது என்பது என் வாதம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2025 பிப்ரவரி 3

பாதியை மறுக்கிறேன். மீதிப் பாதியை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் எதை ஒப்புக்கொள்கிறேன் என்பது எனக்கே தெளிய வேண்டும் என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஒரு சிறிய வாடகைதாரர் சங்கத்துக்கு ஆறு ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். பெயர்தான் பெரியது. எங்கள் சங்கத்தின் பெயரில் இன்றுவரை ஒரு வங்கிக் கணக்குகூடக் கிடையாது. வருமான வரித் துறையின் பார்வையில் அப்படி ஒரு சங்கமே கிடையாது. எங்கள் பணம் ஒரு ஃபிஸ்கல் ஸ்பான்சரிடம் இருக்கிறது. வருகிற பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டோனர் அட்வைஸ்டு ஃபண்டுகளிலிருந்து வருகிறது. ஆகவே இரண்டு குழாய்களின் வாயிலும் நின்று பார்த்தவன் என்ற முறையில் பேசுகிறேன்.

முதல் குழாயைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் 10,000 டாலருக்கு வாங்கிய பங்குகள் இன்று 1,00,000 டாலர் பெறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை விற்றால் 90,000 டாலர் ஆதாயத்துக்கு வரி கட்ட வேண்டும். விற்காமல், பங்குகளாகவே ஃபிடெலிட்டி சாரிட்டபிள் போன்ற ஒரு பொதுத் தொண்டு அமைப்பில் தன் பெயரில் திறந்த கணக்கில் சேர்த்துவிட்டால் ஆதாய வரி கிடையாது. வருமானத்தில் 30 சதவீதம் என்ற வரம்புக்கு உட்பட்டு, முழு 1,00,000 டாலரையும் நன்கொடையாகக் கழித்துக்கொள்ளலாம். அந்தப் பணம் எந்தத் தொண்டுக்குப் போக வேண்டும் என்பதை அவர் அடுத்த வாரமும் சொல்லலாம், இருபது ஆண்டுகள் கழித்தும் சொல்லலாம். வரிச் சலுகை இன்றைக்கு, தானம் என்றைக்கோ. இந்தக் கணக்குகளைத் திறப்பவர்களில் பெரும்பாலோரை இழுப்பது இந்த வசதிதான். என் அலுவலகத்தில் பங்கு விலை ஏறிய ஆண்டில் மூன்று பேர் திறந்தார்கள். அவர்களில் ஒருவர் அதே கணக்கிலிருந்து கோயிலுக்கும், பொது வானொலிக்கும், பிணைத் தொகை கட்ட வழியில்லாத கைதிகளுக்கான நிதிக்கும் அனுப்புகிறார். அவரிடம் மறைப்பதற்கு எதுவும் இல்லை. தணிக்கையாளர் சொன்னார், திறந்தார்.

ஆகவே ‘பெயரை மறைப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது’ என்பது தவறு. மறைப்பது அதன் உப தொழில்.

2025 பிப்ரவரி 4

இந்த இரண்டுக்கும் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். டோனர் அட்வைஸ்டு ஃபண்டுக்குக் ‘கொடையாளர் ஆலோசனை நிதி’ என்பது சொல்லுக்குச் சொல் வைத்த பெயர் என்றாலும் தற்செயலாக மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. நம் கோயில்களில் கட்டளை உண்டு. இன்ன நாளில் இன்ன பூசைக்கு இவ்வளவு நெல் என்று கட்டளைதாரர் எழுதிவைத்தால் கோயில் அதன்படி நடந்தாக வேண்டும். இந்த நிதியிலோ பணத்தைப் போட்ட நொடியில் அது சட்டப்படி அந்த அமைப்பின் சொத்தாகிவிடுகிறது. கொடுத்தவர் ஆலோசனை மட்டுமே சொல்லலாம். நடைமுறையில் அந்த ஆலோசனையை யாரும் தட்டுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம்.

ஃபிஸ்கல் ஸ்பான்சரைக் ‘குடை நிறுவனம்’ என்றே எழுதப்போகிறேன். மழைக்கு நிற்கிறவர்களுக்குப் பிடிக்கும். குடைக்காரருக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை.

2025 பிப்ரவரி 9

இரண்டாவது குழாய். ஐந்து பேர் ஒரு சமையலறையில் கூடி, வீட்டு உரிமையாளர் ஒருவர் வாடகையை ஏற்றுவதை எதிர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். அறக்கொடை நிறுவனம் ஒன்று 40,000 டாலர் தருவதற்குத் தயாராக இருக்கிறது. ஆனால் 501(சி)(3) என்ற பிரிவின் கீழ்ப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்கே தருவது அதன் வழக்கம். பதிவுக்கு விண்ணப்பிக்க 600 டாலர் கட்டணம், நீண்ட படிவம், இயக்குநர் குழு, விதிமுறைகள், அதற்குப் பிறகு மாதக்கணக்கான காத்திருப்பு. அதற்குள் வாடகை ஏறிவிடும், ஐந்து பேரில் இருவர் ஊரை விட்டுப் போயிருப்பார்கள். எனவே ஏற்கெனவே பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தின் குடைக்குள் புகுந்துகொள்கிறார்கள்.

இதில் வகைகள் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ வழக்கறிஞர் கிரெகரி கால்வின் 1993 இல் ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினார். அவற்றில் ‘ஏ’, ‘சி’ என்ற இரண்டும் இன்று அடிக்கடி காதில் விழுகின்றன. ‘ஏ’ வகையில் குழுவுக்குத் தனிச் சட்ட உருவமே கிடையாது. அது குடை நிறுவனத்தின் ஒரு திட்டம், பணியாளர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள், ஒப்பந்தங்கள் அதன் பெயரில். ‘சி’ வகையில் குழு தனியாக இருக்கிறது. நன்கொடையைக் குடை நிறுவனம் வாங்கி, மேற்பார்வை செய்து, மானியமாகத் தருகிறது. 68-489 என்ற எண்ணுள்ள வருமான வரித் துறைத் தீர்ப்புரையே இதற்கு அடித்தளம்: பதிவு இல்லாதவர்களுக்கும் தரலாம், ஆனால் பணத்தின் மீதான கட்டுப்பாட்டையும் முடிவெடுக்கும் உரிமையையும் தருபவர் விட்டுவிடக் கூடாது. வெறும் தபால்காரராக இருந்தால் அது சட்டப்படி செல்லாது.

நாங்கள் ‘ஏ’. எங்கள் ஒரே முழுநேர அமைப்பாளருக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது இந்தக் குடையால்தான். ஊர்வலத்தில் ஒருவர் விழுந்து கை முறிந்தபோது பொறுப்புக் காப்பீடு இருந்ததும் இதனால்தான். மாறாக, ஓர் ஒலிபெருக்கி வாங்கிய 64 டாலரைத் திரும்பப் பெற எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. அது ‘நிகழ்ச்சிச் செலவா’ அல்லது ‘உபகரணமா’ என்று மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. மூன்றாவதற்கு நான் ஒலிபெருக்கியிலேயே பதில் சொல்லியிருக்கலாம்.

இந்த வேலைக்கு அவர்கள் வரும் பணத்தில் ஒரு விழுக்காடு எடுத்துக்கொள்கிறார்கள். பொதுவாக 5 முதல் 15 சதவீதம் வரை. எங்களுக்கு 7.

2025 பிப்ரவரி 10

திருத்தம்: 7 இல்லை, 9. சென்ற ஆண்டே ஏற்றிவிட்டார்கள். பொருளாளருக்கே மறந்துவிட்டது.

2025 பிப்ரவரி 16

மறைப்பு என்ற பகுதிக்கு வருகிறேன். 3 ஆம் தேதி எழுதியதில் ஒரு பிழையான எண்ணம் ஒளிந்திருந்தது. மறுபடி படித்தபோதுதான் பட்டது. ஆலோசனை நிதியால்தான் கொடையாளர் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாமல் போகிறது என்ற தொனியை நானும் ஏற்றுக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. ஒரு கோடீசுவரர் ஒரு பொதுத் தொண்டு நிறுவனத்துக்கு நேராகக் காசோலை எழுதினாலும் அவர் பெயர் வெளியே வராது. 990 என்ற ஆண்டுப் படிவத்தில் கொடையாளர் பட்டியல் வருமான வரித் துறைக்குப் போகும். பொதுமக்கள் பார்க்கும் பிரதியில் பெயர்கள் நீக்கப்பட்டிருக்கும். வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், அதே கோடீசுவரர் சொந்தமாக ஒரு தனியார் அறக்கொடை நிறுவனம் வைத்திருந்தால் அதன் படிவம் முழுவதும் பொது ஆவணம்; யார் போட்டார், யாருக்குத் தந்தார் என்று எவரும் படிக்கலாம். ஆலோசனை நிதி அந்த வெளிச்சத்திலிருந்து தப்பிக்கும் வழி. இரண்டாவதாக, அது பணத்தைப் பெறுபவரிடமிருந்தே பெயரை மறைக்க முடியும். எங்களுக்கு 2022 இல் 25,000 டாலர் வந்தது. அனுப்பியவர் யார் என்று எங்களுக்கு இன்றும் தெரியாது. நன்றிக் கடிதம் எழுத முகவரி இல்லை. அடுத்த ஆண்டு கேட்பதற்கும் ஆள் இல்லை. ஏழு மாதங்கள் யாருக்கோ கடன்பட்டவர்கள் போல் நடந்துகொண்டோம்.

இந்த மறைப்பைக் கண்டிக்கும் முற்போக்காளர்கள் 1958 ஆம் ஆண்டை மறந்துவிடுகிறார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உறுப்பினர் பட்டியலைக் கொடு என்று அலபாமா மாநிலம் கேட்டது. கொடுத்திருந்தால் பட்டியலில் இருந்தவர்கள் வேலையை இழந்திருப்பார்கள், அடி வாங்கியிருப்பார்கள். கொடுக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 இல் தொண்டு நிறுவனங்கள் தம் பெருங்கொடையாளர் பெயர்களைக் கலிபோர்னியா அரசிடம் தர வேண்டும் என்ற விதியை எதிர்த்து வழக்கு நடந்தது. எதிர்த்தவர்களில் முன்னின்றது வலதுசாரிக் கோடீசுவரர்களான கோக் சகோதரர்களோடு தொடர்புடைய அமெரிக்கன்ஸ் ஃபார் பிராஸ்பெரிட்டி ஃபவுண்டேஷன். 6-3 என்ற கணக்கில் அவர்கள் வென்றார்கள். அவர்கள் கையில் இருந்த முக்கிய ஆயுதம் அதே 1958 தீர்ப்பு. பலவீனர்களுக்காகக் கட்டிய சுவருக்குப் பின்னால் பலவான்களும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சுவரை இடித்துவிடலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை; எங்கள் உறுப்பினர்களில் பலருக்குக் குடியுரிமைத் தாள்கள் இல்லை.

2025 மார்ச் 1

‘இது இடதுசாரிகளின் கண்டுபிடிப்பா?’ என்று ஒருவர் கேட்டதற்கு: இல்லை. முதல் ஆலோசனை நிதி 1931 இல் நியூயார்க் கம்யூனிட்டி டிரஸ்டில் தொடங்கியதாகவே வழக்கமாகச் சொல்வார்கள். அது இயக்கங்களின் கதையே அல்ல. வங்கிகளும் நகரத்துப் பெரிய மனிதர்களும் நடத்திய விவகாரம். 1991 இல் ஃபிடெலிட்டி தன் தொண்டு அமைப்பைத் தொடங்கிய பிறகுதான் நிதிச் சந்தை நிறுவனங்கள் கடை விரித்தன. சட்டத்தில் இந்த நிதிக்கு ஓர் இலக்கணம் எழுதப்பட்டதே 2006 இல்.

முற்போக்குக் கிளை 1970களில் முளைத்தது. வியட்நாம் போருக்குப் பிந்தைய தலைமுறையில் சில பணக்கார வாரிசுகளுக்குத் தாத்தா சேர்த்த சொத்து கையில் சுட்டது. பாஸ்டனில் 1974 இல் ஹேமார்க்கெட் பீப்பிள்ஸ் ஃபண்ட், லாஸ் ஏஞ்சலிஸில் 1976 இல் லிபர்ட்டி ஹில் ஃபவுண்டேஷன். பணம் வாரிசுகளுடையது, ஆனால் எங்கே கொடுப்பது என்பதை முடிவு செய்யும் குழுவில் களப்பணியாளர்களை உட்கார வைத்தார்கள். என் கணக்கில் இந்தக் கதை முழுவதிலும் உண்மையிலேயே புரட்சிகரமான காரியம் அது ஒன்றுதான். வரி விதிகளைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம், நாற்காலியை மாற்றிப் போட்டவர்கள் சிலரே.

அதே 1976 இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டிரம்மண்ட் பைக் தொடங்கிய டைட்ஸ் ஃபவுண்டேஷன் இரண்டு குழாய்களையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. ஒரு பக்கம் கொடையாளர் ஆலோசனை நிதிகள், மறு பக்கம் குடை வேலை. குடை வேலை 1996 இல் டைட்ஸ் சென்டர் என்று தனியாகப் பிரிந்தது. இணைப்பின் தருக்கம் எளியது. ஆலோசனை நிதி தனிநபருக்குப் பணம் தர முடியாது. பதிவு இல்லாத குழுவுக்கு நடைமுறையில் தராது. குழுவோ பதிவு இல்லாதது. நடுவில் குடை இருந்தால் பூட்டும் சாவியும் சேர்ந்துவிடும்.

வலதுசாரிப் பக்கத்தில் 1999 இல் தொடங்கிய டோனர்ஸ் டிரஸ்ட் இதே கருவியைத்தான் வைத்திருக்கிறது. கத்தி யார் வீட்டிலும் காய் நறுக்கும்.

2025 மார்ச் 2

கத்தி உவமையை ஒருவர் ‘தேய்ந்த உவமை’ என்று சொல்லியிருக்கிறார். சரிதான். அந்த வரியை விட்டுவிட்டுப் படியுங்கள்.

2025 மார்ச் 23

மூன்று வாரங்களாக இங்கே எழுதவில்லை. எங்கள் குடை நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கட்டணம் மறுபடி ஏறுகிறது, இருப்பில் உள்ள பணத்தை மூன்று மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்றும் நிபந்தனை. நாங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தோம். எங்கள் பணத்தை இன்னொரு தகுதியுள்ள நிறுவனத்துக்கு மாற்றலாம், ஆனால் ‘அவர்களுடைய நியாயமான முடிவுப்படி’. ஆறு ஆண்டுகளாக நான் ‘எங்கள் பணம்’ என்று எழுதிவந்த எல்லாக் கணக்கு அறிக்கைகளையும் அன்று இரவு வேறு கண்ணோடு பார்த்தேன்.

இது எங்கள் சிறிய துன்பம். பெரிய அளவில் நடந்தவற்றைச் சொல்கிறேன். பிளாக் லைவ்ஸ் மேட்டர் குளோபல் நெட்வொர்க் 2016 முதல் தௌசண்ட் கரண்ட்ஸ் என்ற அமைப்பின் குடைக்குள் இருந்தது. 2020 இல், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு நாடு முழுவதும் மக்கள் தெருவில் இறங்கிய கோடையில், டைட்ஸ் சென்டருக்கு மாறியது. அந்த ஓர் ஆண்டில் 9 கோடி டாலருக்கும் மேல் வந்தது. பதிவு செய்து, கணக்காளரை அமர்த்தி, அதன் பிறகு வாங்குவது என்று காத்திருந்தால் அந்த அலை கரையேறிப் போயிருக்கும். குடை இல்லாமல் அதை வாங்கியிருக்கவே முடியாது. ஆனால் 2024 மே மாதம் அதே பிளாக் லைவ்ஸ் மேட்டர் அமைப்பு, தனக்குச் சேர வேண்டிய 3.3 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைத் தர மறுக்கிறது என்று டைட்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. டைட்ஸ் குற்றச்சாட்டை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் நான் நுழையவில்லை. வழக்கு இப்படி ஒன்று எழவே முடியும் என்பதுதான் எனக்கு முக்கியம்: ஊர்வலத்தில் போனவர்கள் யார் பெயரை நினைத்துக் கொடுத்தார்களோ அந்தப் பெயரும், வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் வேறு வேறு.

குடையே மடங்கிப்போவதும் உண்டு. 2024 பிப்ரவரியில் ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் அந்த ஆண்டு இறுதியில் கலைந்துவிடுவதாக அறிவித்தது. அதை நம்பி நூற்றுக்கணக்கான சிறு குழுக்கள் இருந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் அக்கம்பக்கத்தாருக்கு மளிகையும் வாடகையும் தந்த குழுக்கள் அவற்றில் பல. அவர்களாவது மாதக்கணக்கில் அவகாசம் கொடுத்து ஒழுங்காக மூடினார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குழு புதுக் குடை தேடி ஒன்பது இடங்களில் ஏறி இறங்கியது. ஆண்டு வரவு சிறியதாக இருப்பதால் ஏழு இடங்களில் கதவைத் திறக்கவே இல்லை.

2025 ஏப்ரல் 6

தொடக்கப் பதிவு எழுதியவர் அரபெல்லாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்று குற்றம் சாட்டுகிறார். நியாயமான குற்றச்சாட்டு. எரிக் கெஸ்லர் 2005 இல் தொடங்கிய அரபெல்லா அட்வைசர்ஸ் இலாப நோக்குள்ள ஆலோசனை நிறுவனம். நியூ வென்ச்சர் ஃபண்ட், ஹோப்வெல் ஃபண்ட், விண்ட்வர்ட் ஃபண்ட், சிக்ஸ்டீன் தர்ட்டி ஃபண்ட் ஆகிய முற்போக்கு நிதி அமைப்புகளின் நிர்வாக வேலைகளை அது கட்டணத்துக்குச் செய்தது. சிக்ஸ்டீன் தர்ட்டி 2020 இல் மட்டும் 41 கோடி டாலர் செலவிட்டது. வெளியே பார்த்தால் உள்ளூர்ப் பெயரோடு, உள்ளூர் இணையதளத்தோடு ஒரு குழு. உள்ளே அது சட்டப்படி வாஷிங்டனில் இருக்கும் ஒரு நிதியின் திட்டப் பெயர் மட்டுமே. இதைச் ‘சமையலறையில் கூடிய ஐந்து பேர்’ என்ற என் படத்தில் அடக்க முடியாது. எங்களைப் போன்றவர்கள் மழைக்கு ஒதுங்கக் குடை தேடினோம். அங்கே குடைதான் முதலில் இருந்தது, நிற்பதற்கு ஆள் பிறகு பிடிக்கப்பட்டது. எல்லாத் திட்டங்களும் அப்படி அல்ல, ஆனால் சில அப்படி. இந்த இடத்தில் உங்கள் வாதம் நிற்கிறது.

2025 ஏப்ரல் 7

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். விட்டதால் குழப்பம் வந்திருக்கிறது. சிக்ஸ்டீன் தர்ட்டி 501(சி)(4) வகை. அதற்குத் தரும் பணத்துக்கு வரிக்கழிவு கிடையாது. அது தேர்தல் அரசியலில் ஓரளவு இறங்கலாம். ஆலோசனை நிதிப் பணம் வரிக்கழிவு பெற்ற பணம் என்பதால் வேட்பாளருக்காக ஒரு காசு செலவிடக் கூடாது. சட்டமன்றத்தில் மசோதாவுக்காகப் பேசுவதற்கும் வரம்பு உண்டு: 501(ஹெச்) என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் நிறுவனம் எவ்வளவு பெரியதானாலும் ஆண்டுக்கு உச்சம் 10 லட்சம் டாலர். ‘ஏ’ வகைத் திட்டங்கள் அனைத்தும் ஒரே நிறுவனம் என்பதால் இந்த ஒரே வரம்பைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வாடகைக் கட்டுப்பாட்டு மசோதாவுக்காக நாங்கள் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குப் பேருந்து பிடிக்கும் முன் குடை நிறுவனத்திடம் ‘எங்கள் பங்கு எவ்வளவு மீதி?’ என்று கேட்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் நெய்க் கரண்டி கேட்பது போல.

2025 ஜூன் 15

பழைய கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தேன்: ‘பணம் வெளியே வருகிறதா, அல்லது உள்ளேயே தூங்குகிறதா?’

தனியார் அறக்கொடை நிறுவனம் ஆண்டுக்குத் தன் சொத்தில் 5 சதவீதம் வெளியே தந்தாக வேண்டும். ஆலோசனை நிதிக்கு அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. 2023 முடிவில் எல்லாச் சார்பினரின் ஆலோசனை நிதிகளிலும் சேர்ந்து 25,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. அந்த ஆண்டு வெளியே போனது ஏறக்குறைய 5,500 கோடி டாலர். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் என்பது 5 சதவீதத்தைவிட எவ்வளவோ மேல் என்று அத்துறையினர் மார்தட்டுகிறார்கள். ஆனால் அது ஒட்டுமொத்தச் சராசரி. ஒரு கணக்கு முழுவதையும் கொடுத்து, நான்கு கணக்குகள் ஒன்றும் கொடுக்காமல் இருந்தாலும் சராசரி அழகாகத்தான் இருக்கும். ஓர் ஆலோசனை நிதியிலிருந்து இன்னொரு ஆலோசனை நிதிக்குப் போவதும் ‘வெளியே போன’ கணக்கிலேயே சேரும். தனியார் அறக்கொடை நிறுவனம் தன் 5 சதவீதத்தை ஆலோசனை நிதியில் போட்டுக் கடமையை முடித்துக்கொள்வதும் சட்டப்படி சரியே. ஒரு பையிலிருந்து மறு பைக்கு.

2021 இல் ஆங்கஸ் கிங், சக் கிராஸ்லி என்ற இரு செனட்டர்கள் காலக்கெடு வைக்க ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். உடனே வரிக்கழிவு வேண்டுமானால் பெரும்பாலும் பதினைந்து ஆண்டுகளுக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். அது நிறைவேறவில்லை. சட்டத்துக்குக் காத்திராமல் 2020 இல் சிலர் ‘ஹாஃப் மை டாஃப்’ என்று ஒரு முயற்சி தொடங்கினார்கள் (‘டாஃப்’ என்பது டோனர் அட்வைஸ்டு ஃபண்டின் சுருக்கம்). தன் கணக்கில் பாதியைக் கொடுத்து முடிப்பதாக உறுதி சொல்பவரின் கொடைக்கு ஈடுகொடை தந்தார்கள். அதைப் பார்த்து என் அலுவலக நண்பரிடம், உங்கள் கணக்கில் எவ்வளவு மீதி என்று கேட்டேன். பேச்சை மாற்றினார்.

2025 ஜூலை 20

இந்தியாவில் இந்தக் குடை முறையைக் கொண்டுவரலாமே என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: வெளிநாட்டுப் பணத்தில் முடியாது. 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டுப் பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தருவதைத் தடை செய்துவிட்டது. பெரிய அமைப்பு வாங்கிச் சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துத் தரும் பழக்கம் அதோடு நின்றது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. இங்கிருந்து தமிழ்நாட்டுக் கிராமத்துப் பள்ளிக்குத் தன் ஆலோசனை நிதியிலிருந்து நேராக அனுப்பலாம் என்று நினைக்கும் நண்பர்கள் முதலில் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள். மேற்கொண்டு பேசினால் இழை திசைமாறும்; திரும்புகிறேன்.

2025 அக்டோபர் 5

பிப்ரவரி 16 இல் பட்டியலைப் பற்றி எழுதியது இவ்வளவு விரைவில் பொருந்திவரும் என்று நினைக்கவில்லை. செப்டம்பர் 25 அன்று அதிபர் டிரம்ப் கையொப்பமிட்ட தேசியப் பாதுகாப்புக் குறிப்பாணை, அரசியல் வன்முறைக்குப் பின்னால் இருப்பதாகக் கருதப்படும் நிதியாளர்களையும் விசாரிக்கச் சொல்கிறது. சென்ற ஆண்டு நவம்பரில், ‘பயங்கரவாத ஆதரவு அமைப்பு’ என்று கருவூலத் துறை முத்திரை குத்தினால் ஒரு நிறுவனத்தின் வரிவிலக்கு பறிபோகும் என்ற மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டைத் தாண்டவில்லை. அந்த மசோதாவின் தருக்கத்தை ‘ஏ’ வகைக் குடையோடு பொருத்திப் பாருங்கள். நூறு திட்டங்களில் ஒன்றின் மீது குற்றச்சாட்டு வந்தால் நூறும் நனையும். 2023 இல் அலையன்ஸ் ஃபார் குளோபல் ஜஸ்டிஸ் என்ற குடை நிறுவனத்துக்கு இது சட்டம் இல்லாமலேயே நடந்தது. ஒரு பாலஸ்தீனக் கைதிகள் ஆதரவுத் திட்டம் தொடர்பான புகார்களால் கடன் அட்டை வழியாக நன்கொடை வாங்கும் வசதி நின்றது, அந்தத் திட்டத்தோடு சம்பந்தமே இல்லாத மற்றத் திட்டங்களுக்கும் சேர்த்து.

எங்கள் குடை நிறுவனம் இப்போது துண்டறிக்கைகளை அச்சுக்கு முன் பார்க்க வேண்டும் என்கிறது. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. 1970களில் நாற்காலியை மாற்றிப் போட்டவர்களை நினைத்துக்கொண்டேன்.

2025 நவம்பர் 23

ஏப்ரல் 6 பதிவுக்கு ஒரு பின்குறிப்பு: அரபெல்லா தன் குடை நிர்வாக வேலைகளைச் சன்ஃபிளவர் சர்வீசஸ் என்ற புதிய நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு மூடுகிறது. தொடக்கப் பதிவு எழுதியவர் ‘பெயரை மாற்றினால் போதுமா’ என்கிறார். இந்த முறை என்னிடம் மறுப்பு இல்லை.

2025 டிசம்பர் 14

எங்கள் சங்கம் தனியாகப் பதிவு செய்துகொள்வதா, குடைக்குள்ளேயே இருப்பதா என்று நேற்றுக் கூட்டம் போட்டு வாக்கெடுத்தோம். தனியாகப் போனால் 600 டாலர் கட்டணம் மட்டும் அல்ல; தணிக்கை, சம்பளப் பட்டியல், காப்பீடு எல்லாம் எங்கள் தலையில். வெளியே போனால் துண்டறிக்கையை யாரிடமும் காட்ட வேண்டாம். 25,000 டாலர் அனுப்பிய அந்தப் பெயர் தெரியாத மனிதரின் கணக்கில் பெறுநராக எங்கள் பெயரே இருக்கும், அவர் எங்களைத் தேடிக் கண்டுபிடித்தால். எங்கள் அமைப்பாளர் எழுந்து, புதுக் காப்பீடு வரும் வரை என் மகளின் ஆஸ்துமா மருந்துக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று கேட்டார். அதற்குப் பிறகு விவாதம் அதிக நேரம் நீளவில்லை. ஏழுக்கு நான்கு என்ற கணக்கில் குடைக்குள்ளேயே இருப்பதாக முடிவாயிற்று. நான் அந்த நால்வரில் ஒருவன்.

கூட்டத்தின் தேநீர்ச் செலவு 38 டாலர். ரசீதை இரவே குடை நிறுவனத்தின் தளத்தில் ஏற்றிவிட்டேன். ‘கூட்டச் செலவு’ என்ற வகையை இந்த மாதம் எடுத்துவிட்டிருக்கிறார்கள். ‘இதர’ என்று போட்டிருக்கிறேன்.